வெளியே தாழ்ப்பாள் போட்ட அறை

என்னைப் பெற்றவளே, என் அம்மா,

நேற்று அண்ணன் ஊரான ராதாபுரம் ஆலயத்தில் உனக்காக நினைவு ஆராதனை நடந்தது. அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். தாயைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த மகன் என்று போதகர் அவனைப் புகழ்ந்தார்.

பார்வை முழுதும் போன பிறகும் நீ ஏரல் வீட்டை விட்டு வர மறுத்தாய். பாளையங்கோட்டையில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஓடி வந்து, உன் கட்டிலிலிருந்து கொல்லைவரை கயிறு கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு நீயே போய் வந்தாய். பக்கத்து வீட்டு ஞானம்மா மைனி இருவேளையும் தண்ணீர் இறைத்துத் தந்தாள், அடுப்பையும் பார்த்துக்கொண்டாள். வேறென்ன வேண்டியிருந்தது உனக்கு?

அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து நின்றதை மைனிதான் சொன்னாள்.

"தாயத் தனியா போட்டுட்டான்னு ஊரே என்னப் பழிக்குது. கெளம்பு."

"நான் வரலலே. இந்த வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியும். அங்கன வந்தா நான் குருடி."

அவன் உன்னைத் தூக்கி வண்டியில் வைத்தானாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் உன்னைப் பார்க்க அவன் வீட்டுக்கு வந்தேன். தொழுவத்தை ஒட்டிய அறை. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். திறந்ததும் மூத்திர நாற்றம். "ஏட்டி, இப்பம் பகலா, ராத்திரியா?" என்று கேட்டாய் நீ.

"வெளிய வந்து விழுந்து கெடந்தா யாரு தூக்குவா?" என்றான் அண்ணன்.

ஏரலுக்கே உன்னைத் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று அழுதேன். மகன் இருக்கும்போது தாய் வேறெங்கே இருப்பாள் என்று சபைப் பெரியவர்களும் அவன் பக்கமே பேசினார்கள். அடுத்த மழைக்கு முன்னால் நீ அந்த அறையிலேயே போய்விட்டாய்.

நேற்று நான் எழுந்து நின்றேன், அம்மா. "எங்க அம்மா கெடந்த அறையில தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு போய்ப் பாருங்க" என்றேன். போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் பாடினார்கள். அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு அவன் வீட்டில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. கையைக் கழுவிவிட்டு, பெரியவர்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். நான் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"அண்ணன மன்னிச்சிருட்டி" என்பாய். எப்படி அம்மா முடியும்?

அவனுக்கும் ஒருநாள் கண் மங்கும். அன்றைக்கு அவன் எங்கே இருக்க ஆசைப்படுகிறானோ அங்கேயே அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்வேன். யார் தடுத்தாலும் விடமாட்டேன். பாசத்தால் அல்ல. நீ கிடந்ததுபோல் இன்னொரு உயிர் கிடப்பதைப் பார்க்க என்னால் ஆகாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஒரே மகள்,
எஸ்தர்