தாளிப்பு வாசனை

புதன்கிழமை, இரவு.

முருகா, என் வாய் இன்று ஏன் அப்படிப் பொய் சொன்னது?

எதிர்வீட்டுச் செல்வியின் புருஷன் விடியற்காலையில் செத்துப்போனான். பிணம் எடுக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனால் என் மாடியில் கிரிக்கெட் மேட்ச் பார்க்க வந்த கல்கத்தாப் பையன்கள் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். வயிறாரப் போட்டால்தான் அடுத்த மேட்சுக்கும் ஆள் அனுப்புவார்கள். அந்த மாடியை நம்பித்தான் இப்போது குடும்பம் ஓடுகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சோறாக்கிச் சாம்பார் வைத்தேன். சாப்பிடவைத்துச் சேப்பாக்கத்துக்கு அனுப்பினேன். தாளிப்பு வாசனையைச் சாத்த முடியுமா?

சாவு வீட்டுப் பந்தலில் பக்கத்து வீட்டு மேரி பிடித்துக்கொண்டாள். "இன்னா யக்கா, பொணத்துக்கு எதிர்க்கவே சாம்பாரா? கிரிக்கெட்டுக்காரனுங்களுக்கு விருந்தா?"

"அய்யே, என் வூட்ல அடுப்பே பத்த வெக்கல. முருகன் மேல சத்தியம்!"

அழுதுகொண்டிருந்த செல்வி தலையைத் தூக்கினாள். "யக்கா, புள்ளைங்க ராத்திரிலர்ந்து ஒண்ணும் துன்னல. சோறு கீதுன்னா ரெண்டு வாய் குடு யக்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்லியேம்மா" என்றேன்.

சாயங்காலம் பிணத்தை எடுத்துவிட்டார்கள். பையன்கள் தங்கள் டீம் ஜெயித்த சந்தோஷத்தில் மாடியில் குதிக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டு மீந்த சோறு இன்னும் பானையில்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.