யானை வயிற்றுக்கு வாங்கிய டிரம்

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிரம்மை, நாங்கள் இரும்பில் செய்யும் யானைச் சிலையின் வயிற்றுக்காக இன்று வெட்ட உட்கார்ந்தேன். கேஸ் கட்டரைப் பற்ற வைத்துக் கிட்டே கொண்டுபோனபோது என் கணவர் கத்தினார்.

"நிறுத்து புள்ள! இத உருட்டுன கையெல்லாம் தின்னர் வாசம் அடிக்குது."

நெருப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தோம். அடியில் பெயிண்டில் கலக்கும் தின்னர் மிச்சம் இருந்தது. தீ பட்டிருந்தால் டிரம் வெடித்திருக்கும்.

அப்புறம்தான் எங்களைப் போலவே இரும்பில் சிலை செய்யும் மாதையன் அண்ணன் நினைவு வந்தது. அவரும் குதிரைச் சிலை செய்ய அதே கடையில் இன்னொரு டிரம் வாங்கித் தன் ஊரான மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோயிருந்தார். போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு பட்டறையில வெட்டிட்டு இருக்காரும்மா."

"ஓடுங்க அண்ணி! டிரம்ம வெட்ட வேணாம்னு சொல்லுங்க, வெடிச்சிரும்!"

போன் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அண்ணனே பேசினார்.

"குதிரைக் காலுக்குக் கம்பிதான் வெட்டிட்டு இருந்தேன்மா. டிரம்ம இன்னும் தொடல."

எனக்கு அழுகைதான் வந்தது. கண்ணை மூடினால் கட்டரின் அந்த நீல நெருப்புத் தெரிகிறது. இன்றைக்குத் தூங்கும்போதும் விளக்கு எரியட்டும்.