லெந்து வெள்ளியில் அம்மா வாசித்தது

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

கடலூரிலிருந்து அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடுதாசி.

பக்கவாதத்தில் இடது கை விழுந்ததும் அம்மா இனி சர்ச்சில் கீபோர்டு வாசிக்க மாட்டாள் என்றே நினைத்தேன், உன்னிடம் தைரியமாய்ப் பேசியதெல்லாம் நடிப்பு. சிதம்பரத்தில் கைப் பயிற்சி தரும் சந்திரலேகா, "அந்தக் கைய சும்மா வெக்காதீங்கம்மா, தாவித் தாவி வேல செய்யணும்" என்றாள். நீ அனுப்பிய ராக்டைம் பியானோ வீடியோ அதற்கென்றே செய்தது போல இருந்தது. இடது கை கீழே ஒரு கட்டையைத் தட்டிவிட்டு மேலே தாவ வேண்டும், நிற்கவே கூடாது, வலது கை தாளத்துக்குக் குறுக்கே புகுந்து விளையாடும். அம்மாவுக்குத் தெரிந்தது பாமாலைப் பாட்டுகள்தானே, அவற்றையே அந்த நடையில் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் கேட்கச் சகிக்கவில்லை, காய்கறி வாங்குகிற சாக்கில் மஞ்சக்குப்பம் வரை போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை லெந்து ஆராதனை, ஈஸ்டருக்கு முன் சிலுவைப்பாடுகளை நினைத்துத் துக்கம் கொண்டாடுகிற நாட்கள். அம்மா படுத்ததிலிருந்து அவளுக்குப் பதிலாக வாசிக்கும் சார்லஸ் வந்த பஸ் ஆலப்பாக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டது, ஆயர் அம்மாவைக் கூப்பிட்டார். லெந்தில் எப்படி வாசிப்போம் என்று உனக்குத் தெரியும், இழுத்து இழுத்து, அழுவது போல. முதல் சரணம் அப்படித்தான் போனது. இரண்டாவதில் இடது கை வீட்டில் பழகிய பழக்கத்தில் குதிக்கத் தொடங்கிவிட்டது. சிலுவைப் பாட்டு கல்யாணப் பாட்டாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சபையோ விடாமல் கூடவே ஓடிப் பாடியது, குழந்தை சிரித்தால்கூட முறைக்கிற சர்ச் கமிட்டி ஞானசேகரன் தொடையில் தாளம் போடுகிறார்! முடிந்ததும் ஆயர் வந்து, "ஜெயராணிம்மா, இத ஈஸ்டருக்கு வெச்சுக்குங்க, நீங்கதான் வாசிக்கறீங்க. லெந்துல நாங்க தாங்க மாட்டோம்" என்றார். அம்மா வெட்கத்தில் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

ஈஸ்டர் அன்று போனைப் பக்கத்திலேயே வைத்திரு, அம்மா வாசிப்பதை வீடியோவில் காட்டுகிறேன், வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். இன்னொன்று. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். இன்று காலை சீப்போடு போய் நின்றேன், "குடுங்க, நானே பின்னிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பின்னல் கோணல்தான், ஆனாலும் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வேலை போன சந்தோஷத்தில் வாசலில் போய் நின்று அழுதேன், சிந்து.

ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாய்க் காப்பாராக.

உன் அப்பா,
ராபர்ட்