விருந்தாளிக்குச் சொன்ன பதில்

அலெப்போ,
நவம்பர், வெள்ளிக்கிழமை.

என் பேரன் குதைபாவுக்கு உன் பாட்டி உம்மு ஸுஹைர் எழுதுவது. இறைவன் உன்னை அந்த ஊர்க் குளிரிலிருந்தும் இந்த ஊர்க் கண்ணேறிலிருந்தும் காக்கட்டும்.

முதலில் நல்ல சேதிகள். உன் அத்தை மகள் லுஜைன் துருக்கியில், அந்தெப்பில், மருந்தாளுநர் படிப்பில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். அதுவும் துருக்கி மொழியில் எழுதி. முதலாவதாக வந்தவள் அந்த ஊர்ப் பெண், தாய்மொழியில் எழுதியவள். ஆகவே நான் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் அண்ணன் ஹாஸிமுக்குத் துபாயில், கட்டட வேலையில், வெள்ளைத் தலைக்கவசம் கொடுத்துவிட்டார்கள். மஞ்சள் கவசம் போட்டவர்கள் எல்லோரும் இனி அவன் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். ஸ்வீடனில் உன் தங்கை தாலா நீச்சலில் பதக்கம் வாங்கியிருக்கிறாள். தண்ணீரை வாளியில் மட்டுமே பார்த்த குடும்பம் நம்முடையது, அதில் இப்படி ஒரு மீன். உனக்கோ ஜெர்மன்காரர்கள் தேர்வு வைத்து, தேர்ந்த கண்ணாடித் தொழிலாளி என்று சான்றிதழும் வண்டிச் சாவியும் தந்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை நான் உனக்குப் பத்து வயதிலேயே கொடுத்துவிட்டேன். அவர்கள் முத்திரை மட்டும்தான் குத்தினார்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லாமல் நான் கண்ணாடி வெட்டுவதில்லை. போன வாரம் ஒருத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பாட்டி, இதுல யாராச்சும் இந்த ஊர்ல இருக்காங்களா?" என்றாள். நான் ஜன்னல் அளவை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரி பாட்டி, சரி பாட்டி" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படி செய்வாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்தை இரண்டு முறை படித்தால்தான் விளங்கும். நீ இரண்டு முறை படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பல் மருத்துவர் ரஃபீக்கின் மனைவி நாளை மறுநாள் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். அங்கே வந்ததும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மாதம் முடிவதற்குள் உனக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாய், சேமிப்பு முழுவதையும் போட்டுக் கண்ணாடி வெட்டும் மேசை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு ஊருக்கே திரும்பி வரப் போகிறாய் என்று சொல்லியிருந்தாயே, அதற்காகத்தான்.

நாட்டில் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த வருடம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறார்கள், அதிலும் அலெப்போக்காரர்கள் எல்லோரையும்விட அதிகமாக நம்புகிறார்கள் என்று செய்தியில் படித்ததாகச் சொன்னாய். எதிர்க்கடை அபூ ஷாஹிர் மாமாவின் பெயரும் படமும்கூட அதில் இருந்ததாமே. அந்தச் செய்தி எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். அது பிறந்தபோது நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

கோடை முடியும் நேரத்தில் டமாஸ்கஸிலிருந்து ஒரு பிள்ளை வந்தான். மித்ஹத் என்று பெயர். அந்த வெயிலில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். சட்டைக் காலர் நைந்து, பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்திருந்தது. வியாபாரிகள் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுவதுதான் வேலையாம். முதலில் அபூ ஷாஹிரின் பைஜாமா தையல் கடைக்குள் போனான். உனக்குத்தான் அவரைத் தெரியுமே. அவனை உட்கார வைத்து, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி, ஏலக்காய் போட்ட காப்பியும் பிஸ்தா இனிப்பும் வரவழைத்து, எதிரில் நான் இருப்பதைப் பார்த்து என்னையும் கூப்பிட்டார்.

அந்தப் பிள்ளை, "மாமா, அடுத்த வருஷம் வியாபாரம் எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றான். "நல்லா இருக்கும் தம்பி. நீங்க காலடி எடுத்து வச்சிருக்கீங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றார் அபூ ஷாஹிர். ஆள் சேர்ப்பீர்களா என்றதற்கு, "கண்டிப்பா, பத்துப் பேரு" என்றார். புது மெஷின் வாங்குவீர்களா என்றதற்கு, "ரெண்டு" என்றார். அவர் நான்கு மெஷின்களை இத்லிபுக்கு விற்று அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தரையில் அவை நின்ற இடம் இன்னும் வெளிர்ந்து கிடந்தது. அதன் மேல்தான் அந்தப் பிள்ளையின் நாற்காலி.

பிறகு என் பக்கம் திரும்பினான். "பாட்டி, கண்ணாடி வியாபாரம்?" நான் என்ன சொல்வேன், குதைபா? அவன் கையில் காப்பிக் கோப்பை இருந்தது. நம் தெருவில் யாராவது விருந்தாளி முன்னால் வறுமையை எடுத்துப் பரப்பியிருக்கிறார்களா? "இறைவன் அருளால நல்லா போகுதுப்பா" என்றேன். இப்படியே தெருக்கோடி வரைக்கும் அவனுக்குக் காப்பி. இப்படியே பதில்.

உண்மை பேசியவர் ஒருவர்தான், ஜெனரேட்டர் வைத்து வீடு வீடாக ஆம்பியர் கணக்கில் கரண்டு விற்கிறாரே, அந்த ஹாஜி பக்ரி. இந்த ஊரில் லாபம் பார்க்கிற ஒரே மனிதர். அவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ரொம்ப பயமா இருக்கு தம்பி. அரசாங்கக் கரண்டு வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க" என்றாராம். அவரைத்தான் அந்தப் பிள்ளை நம்பிக்கை இல்லாதவர் என்று எழுதிக்கொண்டு போனான்.

இனி நிலவரம். வெளிநாடுகள் போட்ட வியாபாரத் தடைகள் நீங்கியது உண்மை. கடைகளில் பொருள் குவிந்து கிடப்பதும் உண்மை. ஆனால் அது துருக்கியிலிருந்து எல்லை தாண்டி வந்த பொருள். அபூ ஷாஹிர் துணி வாங்குகிற விலைக்கு அவர்கள் தைத்து, மடித்து, பையில் போட்டே கொடுக்கிறார்கள். வங்கியில் போட்ட பணத்தை எடுக்கப் போனால் நாளை வா என்கிறார்கள். ஆம்பியர் கட்டணம் மட்டும் யாருக்கும் காத்திருப்பதில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள், வீட்டைப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

நான் கண்ணாடி விற்கிறவள். எனக்குத் தெரிந்தது ஜன்னல்தான். சண்டைக் காலத்தில் ஊரே நைலான் தாளை ஆணி அடித்து மாட்டியது. பிறகு கொஞ்சம் தைரியம் வந்து கண்ணாடி போட்டார்கள், அதை நிலநடுக்கம் கொண்டுபோனது. இப்போது வருகிறவர்கள் எல்லா ஜன்னலுக்கும் அளவு கொண்டுவருகிறார்கள், விலை கேட்கிறார்கள், கடைசியில் ஓர் அறைக்கு மட்டும் வாங்குகிறார்கள். "மத்தது அப்புறம் பாட்டி" என்கிறார்கள். நான் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. இரண்டு தரம் உடைந்ததைப் பெருக்கி அள்ளிய கைகள் அவை.

உன் சேதி வந்த அன்று நேரே அபூ ஷாஹிரிடம் போனேன். "நீங்க அந்தப் பையனுக்குச் சொன்னதை நம்பி என் பேரன் வேலையை விடப் போறான்" என்றேன். மனிதர் முதலில் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "வரட்டும்க்கா! ஒருத்தன் வந்தாத்தானே அடுத்தவன் வருவான். குதைபா வந்து மெஷினை இறக்கினா பாருங்க, மறுநாளே என் கடை முகப்பு முழுசுக்கும் கண்ணாடிக்குச் சொல்லிடறேன்" என்றார். தையல்காரப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், "முதல்ல நீங்க கண்ணாடி போடுங்க. அன்னிக்கே அவனை நான் வரச் சொல்றேன்" என்றேன்.

சிரித்துப் பேச்சை மாற்றினார். நான் விடவில்லை. மறுநாள் காலை அளவு நாடாவோடு போய் நின்றேன். வாங்கிய விலைக்கே தருகிறேன், வெட்டுக் கூலி வேண்டாம், பணம்கூட மெதுவாகக் கொடுங்கள் என்றேன். அவர் கடை முகப்பில் அடித்திருந்த நைலான் தாளைத் தடவி, விலகியிருந்த ஓர் ஓரத்தை ஆணிக்கடியில் செருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வசந்தம் வரட்டும்க்கா" என்றார். அவருடைய மகன் ஷாஹிர் வேலை தேடி இராக்குக்கு, எர்பிலுக்கு, போய்ப் பத்து நாளாகிறதாம். அதையும் அப்போதுதான் சொன்னார். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாராவது முதலில் இறங்க வேண்டும், அது தன் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது. எனக்கும் அப்படித்தான், கண்ணே.

ஆகவே அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்துவிடாதே. எழுதியிருந்தால் கிழித்துவிடு. மேசை வாங்காதே. நான் உன்னை வர வேண்டாம் என்று சொல்வதாக யாரிடமும் சொல்லாதே. இங்கே எல்லோரிடமும் நீ வருவதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது நல்லதாக இருக்கிறது. உனக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன். நீ விருந்தாளி இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. காலையில் ஷட்டரைத் தூக்கக் கை கொடுக்க யாராவது வருகிறார்கள். முழங்கால் பழையபடிதான். பெரிய தகடுகளை இப்போது வாங்கி வைப்பதில்லை. தூக்கவும் முடியவில்லை, கேட்பாரும் இல்லை. இந்தக் குளிர்காலத்தைக் கடை தாங்கும். அடுத்ததை அப்புறம் பார்க்கலாம். சில நாள் மதியம் வரை யாரும் வருவதில்லை. அப்போது அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான், நோய் ஒன்றும் இல்லை.

வீட்டில் சமையலறைக்கும் என் அறைக்கும் நைலானே போதும் என்று விட்டுவிட்டேன். உன் அறை ஜன்னலுக்கு மட்டும் போன செவ்வாய்க்கிழமை கண்ணாடி போட்டேன். ஏன் என்று கேட்காதே. ஒரு தகடு மிச்சம் இருந்தது. காலையில் வெயில் உன் கட்டில் வரைக்கும் வருகிறது.

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும். ஏணியில் ஏறும்போது அவசரப்படக் கூடாது. உன் கைக்கு வெட்டு படாமல், உன் மனதுக்கு அந்நியம் தோன்றாமல், எங்கே இருக்கிறாயோ அங்கே உன் வாழ்வு விரியட்டும். உன் அப்பாவுக்குக் கிடைக்காத வருடங்களையும் சேர்த்து இறைவன் உனக்குத் தரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், சார்ஜ் போனால் நீயும் போய்விடுகிறாய். காகிதத்தில் வேண்டும். அந்த வேலை உடுப்போடு, உன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடு. முழு உருவமும் தெரிய வேண்டும், மெலிந்திருக்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிதாகவே எடு. என் கண்ணும் முன்போல் இல்லை.

உன் பாட்டி,
உம்மு ஸுஹைர்