நாற்காலியில் ஒட்டிய சீட்டு

கண்ணா,

உன் மகளோடு போனில் பேச வேண்டும் என்று அப்பா நார்வே மொழி கற்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். தினம் புழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, வீட்டுச் சாமான்களில் சீட்டாக ஒட்டினார். கதவில் ‘டோர்’, தண்ணீர்ப் பானையில் ‘வன்’, நாற்காலியில் ‘ஸ்தூல்’. “நாற்காலியப் போய் ஸ்டூல்ங்கறாங்களே, இவங்கள என்ன பண்றது!” என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் ஒவ்வொன்றின் கீழும் நான் தமிழ்ப் பெயரையும் எழுதி ஒட்டினேன். கதவு. தண்ணீர். நாற்காலி. யாருக்கு என்று கேட்காதே.

நன்றாகச் சாப்பிடுகிறார். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறேன். நீயும் நம்பிவிடுகிறாய்.

இன்று காலை டீ கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க. உங்களுக்கு எந்த வீடு?” என்றார்.

“பக்கத்து வீடுதாங்க” என்று சொல்லிவிட்டேன்.

‘மனைவி’ என்பதற்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று உன் மகளிடம் கேட்டு எழுது. தமிழில் நானே எழுதிக்கொள்கிறேன். துணியில் பசை நிற்காது, ஊக்கு குத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா