கதிரையின் முதுகில் எழுதியது

நானா,

இன்று காலை சாமான் அறையைத் திறந்ததும் நனைந்த பந்தல் படங்கின் வாடை முகத்தில் அடித்தது. எந்தச் சாவு வீட்டு வாசலிலோ மழையில் கிடந்து, காயாமலே சுருட்டப்பட்டு வந்திருக்கிறது. "வெயில்ல விரிச்சுட்டுச் சுருட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று வாய்விட்டே கத்தினேன். கேட்பதற்கு, ஊருக்கே அண்ணனாக, நானாவாக இருந்த நீங்கள் இல்லை. இருந்தபோதும் நீங்கள் கேட்டதில்லை, அது வேறு கதை.

பதுளையில் கலியாணங்கள் எல்லாம் மண்டபங்களுக்குப் போய்விட்ட காலம் அது. உட்காரக் கதிரையும் படங்கும் பெரிய சட்டிகளும் வாடகைக்குக் கொடுக்கும் உங்கள் கடைக்கு மிஞ்சியது சாவு வீடுகள்தான். அவர்களிடம் நீங்கள் வாடகை வாங்குவதும் இல்லை. கடை எப்படி நடக்கும்? பள்ளிக்கூட மரத்தடியில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் கூப்பிட்டீர்கள். "டீச்சர், பின்னால பெரிய அறை சும்மாதான் கெடக்கு. நாடகம், பாட்டு, படம் வரையிறதுன்னு ஏதாவது செய்ய ஏலுமா? கடைக்கும் ஒரு உசிர் வரும்." நான் ஒரு பைத்தியம், அன்றைக்கே தலையாட்டிவிட்டேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். திரை தைத்தோம். அறைக்கென்று நீல நிறக் கதிரைகளைத் தனியாகப் பிரித்து வைத்தோம். 'முற்றம்' என்று பெயரும் வைத்தோம். முதல் பாட்டுக் கச்சேரி. மாலையில் வந்து பார்க்கிறேன், அறையில் ஒரு நீலக் கதிரைகூட இல்லை. மத்தியானம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாவாம், அனுப்பிவிட்டீர்களாம். வந்தவர்கள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, கால் வலிக்க வலிக்கப் பாதியிலேயே கிளம்பினார்கள். நான் குதித்த குதிக்கு நீங்கள் சொன்ன பதில்: "கச்சேரிய நாளைக்கும் வைக்கலாம் டீச்சர். மய்யத்த வைக்க ஏலுமா?"

மறுநாளே வெள்ளைச் சாயம் வாங்கி வந்து, அட்டையில் எழுத்து வெட்டி, ஒவ்வொரு நீலக் கதிரையின் முதுகிலும் அடித்தேன். 'முற்றம் நாடகக்கூடம், பதுளை. வாடகைக்கு அல்ல.' இனியாவது புரியும் என்று நினைத்தேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தீர்கள். "எழுத்து மிச்சம் நல்லா வந்திருக்கு" என்றீர்கள். அடுத்த கிழமையே நமுனுகுலவில் ஒரு சாவுக்கு அவற்றை லொறியில் ஏற்றினீர்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "வாடகைக்குத்தானே இல்ல? நான் வாடகை வாங்கல்லையே" என்று சிரித்தீர்கள். உங்களை என்ன செய்வது!

நான் மட்டும் சும்மா இருந்தேனா? பஸ் நிலையம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினேன். முகநூலில் விடாமல் எழுதினேன். "அருமை", "வாழ்த்துகள்" என்று ஊரே எழுதியது. ஆனால் ஆள் மட்டும் வரவில்லை.

பிறகு ஒருநாள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் மகன் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், வாப்பாவுக்காக இவ்வளவு நாள் பார்த்துட்டேன். இந்த ஒரு நாடகம் போடுங்க. இதுக்கும் ஆள் வரல்லன்னா, அறைய ஃபோன் கடைக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காதீங்க." கோபிக்க அவர் பக்கம் என்ன தப்பு இருக்கிறது? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்க் குழாயடிச் சண்டையை வைத்து என் பிள்ளைகள் தாங்களே கட்டிய நாடகம் அது. அதுவும் போனால் அவர்களுக்கு மறுபடி மரத்தடிதான்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைத் தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒருவர்.

"நானா இல்லீங்களா? இங்க ஒரு பாட்டி தவறிட்டாங்க."

நீங்கள் மௌத்தாகிவிட்டதைச் சொன்னேன். "அய்யோ, நல்ல மனுசனாச்சே" என்றார் அவர். பிறகு தயங்கித் தயங்கி, "அப்போ... கதிரை கெடைக்காதுங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நானா. சத்தியமாக. "லொறி அனுப்புங்க, நீலக் கதிரையும் இருக்கு, எடுத்துக்கோங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஃபோனை வைத்த பிறகு உங்களை நான் திட்டிய திட்டு மேலே வரைக்கும் கேட்டிருக்கும்.

நாடகத்தன்று காலையில் வர வேண்டிய கதிரைகள் மத்தியானம் ஆகியும் வரவில்லை. நல்ல மழை வேறு. டவுனிலிருந்து ஒரு காக்கா குருவி இல்லை. பிள்ளைகள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வெற்று அறையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். உங்கள் மகன் என்னைப் பார்க்காமல் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் லொறி வந்தது. கதிரைகள் வந்தன. கதிரைகளோடு ஆட்களும் இறங்கினார்கள். பெண்கள், குழந்தைகள், குடைக்குப் பதில் உரப்பையைத் தலையில் கவிழ்த்த கிழவர்கள்.

"சாவு வீட்டுக்காரங்க வரலீங்க, தீட்டு" என்றார் தொலைபேசியில் பேசிய அந்த மனிதர். "நாங்க மத்த லயத்துக்காரங்க. ராப்பகலா ஒக்காந்திருந்தோமா, முன்னாடி கதிரை முதுகுல இருக்கிறதையே படிச்சுக்கிட்டு இருந்தோம். அப்படி என்னதான் நடக்குது அங்கன்னு பாக்க வந்தோம்."

"நான் போன வருசம் எங்க மாமா சாவுலயே படிச்சேன்" என்றாள் ஒரு பெண். "நமுனுகுலவுல."

அறை நிறைந்தது. குழாயடிச் சண்டை தொடங்கியதும் சனம் சும்மா இருக்கவில்லை. "அந்தக் குழாய இன்னும் சரி பண்ணலடி!" என்று நடுவிலிருந்து ஒருத்தி குரல் கொடுக்க, மேடையில் இருந்த பிள்ளை அவளுக்கும் சேர்த்து ஒரு பதில் கொடுத்தாள். உட்கார இடமில்லாமல் உங்கள் மகன் கதவோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்தது எப்ப டீச்சர்?" என்றார்.

அறை தப்பியது, நானா. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அந்த எழுத்தோடு கதிரைகளைத் தோட்டம் தோட்டமாக அனுப்பினீர்களே, தெரிந்துதான் செய்தீர்களா? என் சுவரொட்டிகளைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே ஏற்றினீர்களா? அல்லது கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல்தானா? நாடகம் பார்க்க வருகிற ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு இதையே மனசுக்குள் உங்களிடம் கேட்டபடி நிற்கிறேன்.

தெரிந்து செய்தது என்றால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இல்லை என்று சொல்லத் தெரியாமல் செய்தது என்றால் உங்களோடு இன்னும் ஒரு தடவை சண்டை பிடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும், நானா.