பனியன் போடாமல் வா

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நானும் குழந்தையும் உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும்.

துணி மூட்டை ஏற்றிவரும் லாரி டிரைவர் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் தருவார். அதில் இருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ வர வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் போடுகிற மாதிரி காலர் இல்லாமல், காற்று போக அகலமாகத் தைத்திருக்கிறேன். புதுசு என்று தெரியாமலிருக்க நான்கு தடவை துவைத்தும்விட்டேன். இஸ்திரி போட்டுத் தொலைக்காதே. ஜீன்ஸும் கூலிங்கிளாஸுமாக மாப்பிள்ளை முறுக்கோடு வந்து இறங்குகிற ஆள் நீ, எனக்குத் தெரியாதா. இங்கே அடிக்கிற வெயிலுக்கு அது உடம்புக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. தொளதொள பேண்ட், தேய்ந்த செருப்பு, தலையில் ஈரத்துண்டு போதும்.

முக்கியமாக, உள்ளே பனியன் போடாதே. சிரிக்காதே, உன் அத்தானும் இப்படித்தான் சிரித்தார்.

வெளியூர் ஆட்களைத் தேடி அடிக்கிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை தையல் பட்டறையிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் இதே மாதிரி சட்டைதான் தைத்துக் கொடுத்திருந்தேன். பனியனைக் கழற்றச் சொல்லி அன்று காலையில்கூடத் தலையால் அடித்துக்கொண்டேன். "அது இல்லாம வெளிய போனா அம்மணமா போற மாதிரி இருக்குடி" என்றார். நம் ஆண்பிள்ளைகளுக்கு அப்படிப் பழகிவிட்டது. இங்கே ஒருத்தரும் போடுவதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்கள் பஸ்ஸை மறித்து ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். அத்தான் கேட்டதற்கெல்லாம் அவர்கள் பாஷையிலேயே பிசகாமல் பதில் சொன்னார். விட்டுவிட்டுத் திரும்பியவன், வியர்வையில் ஒட்டிய சட்டைக்குள் பனியன் விளிம்பைப் பார்த்துவிட்டான்.

ரோட்டில் இழுத்துப்போட்டு இரும்புக் குழாயால் அடித்தார்கள். முதல் அடியில் தாடை உடைந்தது. தலையைக் கைகளால் மூடினார், விரல்களோடு சேர்த்து அடித்தார்கள். நானும் பின்னாலேயே இறங்கி ஓடினேன். என் பையில் துணி வெட்டும் கத்திரி இருந்தது. குழாய் வைத்திருந்தவன் கழுத்தில் குத்தினேன். உருவி மறுபடியும் குத்தினேன். பாவம் என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. மற்றவர்கள் அவனைத் தூக்க ஓடியபோது கண்டக்டர் என்னை பஸ்ஸுக்குள் இழுத்துக்கொண்டார். அத்தான் அங்கேயே போய்விட்டார் தம்பி. அவர் கண்ணைக்கூட என்னால் மூடிவிட முடியவில்லை.

அவனும் செத்துவிட்டானாம். கத்திரி வைத்திருந்த பொம்பளையை இப்போது வீடு வீடாகத் தேடுகிறார்கள். அதனால் நான் உன்னோடு வரமாட்டேன். வழக்கம்போல என்னோடு மல்லுக்கு நிற்காதே. என் முகம் உன் பக்கத்தில் இருந்தால் மூன்று பேரும் போய்ச் சேருவோம். குழந்தையை நாளைக்குப் பட்டறை முதலாளி வீட்டம்மாவிடம் விட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடு. நான் எங்கே என்று அவரிடம் கேட்காதே, அவருக்குத் தெரியாது.

குழந்தைக்கு மூன்று வயதுதான், பயப்படுவாள். வழியில் யாராவது விசாரித்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, உன் போட்டோவைக் காட்டி அப்பா என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். கெட்டிக்காரி, இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போன பிறகும் அப்படித்தான் கூப்பிடுவாள். திருத்தாதே. உன் மனைவியை அம்மா என்று கூப்பிட்டாலும் திருத்த வேண்டாம் என்று அவளிடமும் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா